வீடியோ காலில் மூட்டுவாதப் பயிற்சி: எடை ஏற்றுவது எப்படி, எங்கே நிறுத்துவது?

பிசியோ_திருச்சி (இழையைத் தொடங்கியவர்)

வீடியோ காலில் சிகிச்சை பெறும் ருமட்டாய்டு (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வாதம்), ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு இறுகி ஒட்டும் வாதம்), முழங்கால் தேய்மானக்காரர்களின் பயிற்சிச் சீட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. விரலை மடக்கி நீட்டு, மணிக்கட்டைச் சுற்று, கணுக்காலை ஆட்டு. காலை 10, மாலை 10. மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே 10. மூட்டு இறுகாமல் இருக்க இது உதவும். தசைக்கு இதில் வேலையே இல்லை. ருமட்டாய்டு உள்ளவருக்கு நோயாலேயே தசை கரைகிறது, ஸ்டீராய்டால் இன்னும் கரைகிறது. அவருக்குத் தேவை எடை.

ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரின் 2018 பரிந்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. அழற்சி மூட்டுவாதத்திலும் மூட்டுத் தேய்மானத்திலும் இதய-நுரையீரல் பயிற்சி, தசை வலு, நெகிழ்வு, சமநிலை நான்கும் வேண்டும். பொதுமக்களுக்குச் சொல்லும் அளவே இவர்களுக்கும் அடிப்படை. ஆளுக்கும் நோயின் நிலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். அதாவது வாரம் 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் 2 நாள் வலுப் பயிற்சி.

தொலைவிலிருந்து செய்யும்போது நாம் எடையைக் குறைத்து, எண்ணிக்கையையும் ஏற்றாமல் விடுவதற்குக் காரணம் பயம். மூட்டைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை, விழுந்தால் பிடிக்க முடியாது என்ற பயம். அது நியாயமானதுதான். ஆனால் என்ன கேட்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று முறையாக வைத்துக்கொண்டால் எடையைத் தைரியமாக ஏற்றலாம். அந்த முறையை இங்கே சேர்ந்து எழுதுவோம். ஒருவர் ஒரு பகுதி எடுத்துக்கொண்டால் நல்லது.

---

வாதநோய்_மருத்துவர்

நான் கேள்விகளில் இருந்து தொடங்குகிறேன். எடை ஏற்றும் முன் இவை ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்கப்பட வேண்டும். படிவத்தில் டிக் அடிக்கச் சொன்னால் போதாது.

முதலில் கழுத்து. பல வருட ருமட்டாய்டில் மண்டையோட்டுக்குக் கீழே முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கலாம். தலையின் பின்புறம் வலி, குனிந்தால் முதுகு வழியாக ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, இரண்டு கையிலும் மரமரப்பு, சட்டைப் பொத்தான் போட வராமல் போவது, நடை தள்ளாடுவது: ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் நேரில் அனுப்புங்கள். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரேயும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் பார்த்த பிறகுதான் மேலே பேச்சு. அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் நாள்பட்ட ருமட்டாய்டில் தலையை உருட்டுவது, கையால் தலையை அழுத்தி இழுப்பது, தலையைத் தூக்கிச் செய்யும் வயிற்றுப் பயிற்சி, சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவை கூடாது. யூடியூபில் எந்த வீடியோ பார்த்துச் செய்கிறார் என்றும் கேளுங்கள். நம் சீட்டில் இல்லாத ஆசனம் அங்கிருந்து வந்து சேர்கிறது.

அடுத்தது எலும்பு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தவர், மாதவிடாய் நின்றவர், உயரம் குறைந்துவிட்டதாகச் சொல்பவர், முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்: இவர்களுக்கு எடையோடு முன்பக்கம் குனிவதும், குனிந்தபடியே உடம்பைத் திருகுவதும் வேண்டாம். நிமிர்ந்த நிலையில் எடை ஏற்றலாம்.

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் முதுகெலும்பு ஒட்டிப் போனவர் விழுந்தார் என்றால், வழுக்கி மெதுவாக உட்கார்ந்தது போல விழுந்திருந்தாலும், அதன் பிறகு புதிதாகக் கழுத்தோ முதுகோ வலித்தால் முறிவு என்றே எடுத்துக்கொண்டு அசையாமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸ் அழையுங்கள். வழக்கமான எக்ஸ்-ரேயில் அது தெரியாமலும் போகலாம். இன்னொன்று, இவர்களுக்குக் கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவர்.

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சுட்டால் அதை நோயின் தீவிரம் என்று நினைத்து ஐஸ் வைக்கச் சொல்லாதீர்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் உயிரியல் மருந்து, மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு மூட்டில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. அதே நாளில் மருத்துவமனை.

இதயம்: ருமட்டாய்டில் மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிடும்போது பொதுமக்களுக்கான மதிப்பை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது யூலார். மூச்சு வாங்கும் பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி வரலாறு கட்டாயம்.

இது எதுவும் இல்லாதவர்தான் பெரும்பான்மை. அவர்களுக்கு எடை கொடுக்காமல் இருப்பதற்கு மருத்துவக் காரணம் கிடையாது.

---

கோவை_இயன்முறை

டாக்டர் சொன்ன கேள்விகளுக்குப் பிறகு வருவது கேமரா. பாதி சிக்கல் இங்கேதான்.

போன் படுக்கைவாட்டில், ஆளிடமிருந்து 2 முதல் 2.5 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில். ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஸ்டூல் மேல் அரிசி டப்பா, அதில் சாய்த்து போன். வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி. கீழே தரையில் வைத்தால் முழங்கால் கோணம் பொய்யாகத் தெரியும். ஜன்னலும் விளக்கும் ஆளுக்குப் பின்னால் இருந்தால் கறுப்பு நிழல்தான் வரும். திருப்பி உட்கார வையுங்கள். உட்கார்ந்து எழுவதைப் பக்கவாட்டிலும், ஒற்றைக்கால் நிற்பதை நேர் முன்னாலும் பார்க்க வேண்டும். விரல் பயிற்சிக்கு போனை 30-40 செ.மீ. பக்கத்தில் கொண்டுவந்து, மேசையில் ஒற்றை நிறத் துணி விரித்து அதன் மேல் கையை வைக்கச் சொல்லுங்கள்.

செல்ஃபி கேமராவில் பயிற்சி பெறுபவர் தன்னைக் கண்ணாடிப் பிம்பமாகப் பார்க்கிறார், நாம் நேராகப் பார்க்கிறோம். இடது வலது குழம்பி, வலியுள்ள காலுக்கு இரட்டிப்பு எடை போய்விடும். வலது மணிக்கட்டில் ஒரு கலர் ரப்பர் பேண்டை மாட்டச் சொல்லிவிட்டால், "ரப்பர் போட்ட கை", "ரப்பர் போட்ட பக்கத்துக் கால்" என்றே பேசலாம்.

சேலையும் நைட்டியும் வேட்டியும் முழங்காலை மறைக்கும். முழங்கால் உள்பக்கம் சரிகிறதா என்பதே தெரியாது. முதல் அழைப்புக்கு முந்தைய நாளே, லெகிங்ஸ் அல்லது டிராக் பேன்ட் போட்டுக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட வேண்டும். நேரலையில் சொன்னால் சங்கடப்படுவார்கள்.

பாதுகாப்புக்கு: பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும், கால் விரிந்து உடையும். மர நாற்காலி அல்லது இரும்பு நாற்காலி, முதுகுப்பக்கம் சுவரை ஒட்டி. கோரைப்பாய் மேல் நின்று பயிற்சி கூடாது, அது நகரும். வெறுங்கால் அல்லது பின்பட்டை வைத்த செருப்பு. நின்று செய்யும் எல்லாப் பயிற்சிக்கும் சமையல் மேடை நல்ல பிடிமானம். உயரம் சரியாக இருக்கும், ஆடாது. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும், அன்று எந்த முகவரியில் இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார், அவர் எண் என்ன என்று கேட்டு எழுதுங்கள். மகள் வீட்டுக்குப் போயிருப்பார். 108க்கு நாம் பழைய முகவரியைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

---

தாமரை_பி_டி

அளவீடு பற்றி. எதை வீட்டிலேயே நம்பகமாக அளக்க முடியுமோ அதை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார்: இதுதான் தொலைவுப் பயிற்சியின் முதுகெலும்பு. இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ., கைகள் மார்பில் குறுக்காக. நாற்காலி உயரத்தை டேப்பால் அளக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அடுத்த முறை சோபாவில் உட்கார்ந்து செய்தால் எண் பொருந்தாது. 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே, ஆணுக்கு 14க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. கையூன்றாமல் எழவே முடியாதவருக்கு எண் பூச்சியம்தான். கையூன்றிச் செய்ததைத் தனியாக எழுதி வையுங்கள், அதுவும் பிறகு ஒப்பிட உதவும்.

எண்ணுவதை அவரே வாய்விட்டு எண்ணட்டும். நெட் தாமதத்தால் நம் "ஒன்று, இரண்டு" அவருக்கு ஒரு விநாடி பின்னால் கேட்கும். தாளம் நம்மிடம் இருந்தால் அவர் நடுவில் நின்று காத்திருப்பார்.

6 நிமிட நடைச் சோதனையை வீட்டில் வைக்காதீர்கள். இடம் போதாது, கேமராவை விட்டு வெளியே போய்விடுவார். அதற்குப் பதில் மேடையைப் பிடித்தபடி 2 நிமிடம் நின்ற இடத்தில் முழங்காலைத் தூக்கி அடி வைக்கும் சோதனை. சுவரில் டேப் ஒட்டி, தூக்கும்போது முழங்கால் எட்ட வேண்டிய உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பாண்டிலைட்டிஸில் குதிகாலையும் பிட்டத்தையும் சுவரில் ஒட்டி நின்று, தலையின் பின்புறத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளக்கலாம். முகவாயைத் தூக்கி ஏமாற்றாமல் பார்வை நேராக இருக்க வேண்டும். ஆழ்ந்து இழுத்த மூச்சுக்கும் முழுதாக விட்ட மூச்சுக்கும் மார்பளவு வித்தியாசத்தைத் தையல் டேப்பால் அளக்க வீட்டில் ஒருவர் வேண்டும். டேப் எந்த மட்டத்தில் சுற்றப்பட்டது என்று போட்டோ எடுத்து வைக்காவிட்டால் அடுத்த மாத அளவுக்கு அர்த்தம் இல்லை.

---

செந்தில்_சேலம்

வணக்கம் மேடம். அம்மாவுக்கு 58 வயது, ருமட்டாய்டு, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. பிடித்து எடை தூக்க வராது. ரப்பர் பட்டை வாங்கலாமா, எந்தக் கலர்? கைக்குத் தனியாக என்ன செய்யலாம்?

---

தாமரை_பி_டி

தம்பி, பட்டை வாங்கலாம், ஆனால் விரலால் பிடிக்க வேண்டாம். பட்டையை உள்ளங்கையில் சுற்றி இறுக்கிப் பிடித்தால் சாய்ந்த விரல் இன்னும் சாயும். முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு துணியைச் சுற்றி அதன் மேல் பட்டையை வளையமாகக் கட்டுங்கள். மறுமுனை கதவுக் கைப்பிடியில் வேண்டாம், கதவு திறந்துகொள்ளும். ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். தெராபேண்ட் வகையில், நீளம் இரட்டிப்பாகும்போது மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 கிலோ இழுவை தரும். வேறு கம்பெனிப் பட்டைகளில் கலருக்கும் இழுவைக்கும் இதே கணக்கு இருக்காது. மஞ்சளோ சிவப்போ தொடக்கத்துக்குப் போதும். வெயிலில் காயவைத்த பட்டையும், நகம் கீறிய பட்டையும் அறுந்து முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறையும் விரித்து வெளிச்சத்தில் ஓட்டை பாருங்கள்.

கைக்கு ஆதாரமுள்ள ஒரு திட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் நடந்த சாரா ஆய்வு, 2015ல் லான்செட்டில் வந்தது. ருமட்டாய்டுக் கைகளுக்கான ஏழு அசைவுப் பயிற்சிகள், நான்கு வலுப் பயிற்சிகள். நேரில் சில அமர்வுகள், மற்றபடி தினமும் வீட்டில். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டு கழித்துக் கையின் செயல்திறன் நன்றாக இருந்தது, வலி கூடவில்லை. பிறகு அதையே இணையவழிப் பயிற்சியாகவும் மாற்றினார்கள், அதனால் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும்.

அசைவுகள்: விரலடி மூட்டை மடக்குவது, விரலை நேராக, கொக்கியாக, முழு முஷ்டியாக என வரிசையாக மாற்றுவது, உள்ளங்கையை மேசையில் வைத்து ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது, மணிக்கட்டைச் சுற்றுவது, விரல்களை அகல விரிப்பது, கையைத் தலைக்குப் பின்னாலும் முதுகுக்குப் பின்னாலும் கொண்டுபோவது. உங்கள் அம்மாவுக்கு விரலைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவதுதான் மிக முக்கியம், சாய்வுக்கு எதிர்த்திசை அது.

வலுவுக்கு: பட்டையை எதிர்த்து மணிக்கட்டை மெதுவாக இறக்குவது, முழுக்கையால் பிசைவது, கிள்ளிப் பிடிப்பது, விரலிடுக்கில் எதையாவது நெருக்குவது. கைப்பயிற்சிக்கு விற்கும் புட்டி (களிமண் போன்றது) வாங்க வேண்டாம், சப்பாத்தி மாவு போதும். ஒரு எலுமிச்சை அளவு, முதல் இரண்டு வாரம் தளரப் பிசைந்தது, பிறகு தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கொடுக்காதீர்கள், குளிர்ந்த மாவு கையை இறுக்கும். 10 முறை ஒரு செட், முயற்சி பத்துக்கு 3-4ல் தொடங்கி 5-6 வரை ஏற்றுங்கள்.

நாற்காலியிலிருந்து எழும்போது விரலை விரித்து ஊன்ற விடாதீர்கள். முன்கையை ஊன்றட்டும். அதிகம் கெடுப்பது பயிற்சியைவிட அந்த ஊன்றல்தான்.

---

பிசியோ_திருச்சி

காலுக்கு எடை ஏற்றும் வரிசையை நான் எழுதுகிறேன்.

நாற்காலியில் தலையணையோ மடித்த போர்வையோ போட்டு இருக்கையை 50-55 செ.மீ.க்கு உயர்த்தித் தொடங்குங்கள். 8 முறை, 2 செட், இடையே 1-2 நிமிட ஓய்வு, வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி முறை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இன்னும் எத்தனை முறை செய்ய முடியும்?" ஐந்து ஆறு என்றால் எடை போதாது. இரண்டு மூன்று என்றால் சரியான இடம். "முடியவே முடியாது" என்றால் அதிகம். இந்தக் கேள்வி போன் வழியாக அப்படியே வேலை செய்யும், கருவி வேண்டாம்.

12 முறை, 3 செட் சுலபமாக வந்ததும் ஒரு படி ஏற்றம். போர்வையை எடுப்பது முதல் படி. பிறகு 3 விநாடி எண்ணி மெதுவாக உட்காருவது. பிறகு 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து எழுவது, அடுத்து 3, 5 கிலோ. பிறகு ஒரு கால் முன்னால் வைத்து, பின்காலில் பாரம் விழும்படி எழுவது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் வலி வந்தபோது எதனால் என்று தெரியாது.

தொடைக்கு: ஜிப் வைத்த துணிப்பையில் அரை கிலோ கல் உப்புப் பாக்கெட், கணுக்காலில் கட்டி முழங்காலை நீட்டுவது. அரை அரை கிலோவாக 2 கிலோ வரை. அதற்கு மேல் கட்டு நழுவும். வாசல்படியில் ஏறி இறங்கும் பயிற்சிக்கு மாறிவிடலாம்.

வலிக்கு என்ன விதி வைக்கிறோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் நல்லது. டென்மார்க்கில் 2013ல் தொடங்கிய கிளாட் (GLA:D) என்ற முழங்கால்-இடுப்புத் தேய்மானப் பயிற்சித் திட்டத்தில் உள்ளதை நான் பின்பற்றுகிறேன். பத்துக்கு 0-2 பயமில்லை, 3-5 பொறுக்கலாம், 5க்கு மேல் போனால் குறை. 24 மணி நேரத்தில் வலி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

---

வாதநோய்_மருத்துவர்

அந்த விதி தேய்மானத்துக்கு அப்படியே பொருந்தும். அழற்சி நோயில் ஒன்றைக் கூட்ட வேண்டும்: வீக்கம். வலி 3 ஆக இருந்து மறுநாள் காலை இறுக்கம் வழக்கத்தைவிட அரை மணி நேரம் நீண்டாலோ, மூட்டு உப்பியிருந்தாலோ அந்த மூட்டுக்கு எடை அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் பயிற்சி செய்பவர் சொல்லும் வலி எண்ணை நம்ப முடியாது. மாத்திரை எப்போது போட்டார் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேமராவில் வீக்கம் தெரியுமா? முழங்காலில் ஓரளவு, விரலில் கடினம். அவரையே கையாக்க வேண்டும். புறங்கையை ஒரு முழங்காலில் வைத்து, மறு முழங்காலில் வைத்து, தொடையிலும் வைத்துச் சூட்டை ஒப்பிடச் சொல்லுங்கள். நலமான முழங்கால் தொடையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். தொடை அளவுக்குச் சூடு இருந்தாலே அழற்சி. விரலடி மூட்டுகளை மறு கையால் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தும்போது முகம் சுளிக்கிறதா என்று முகத்தைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள். முழங்காலின் நடுவிலும் அதற்கு 10 செ.மீ. மேலேயும் டேப் சுற்றளவு வாரம் ஒரு முறை.

நோய் கிளம்பிய வாரத்தில் முழுதாக நிறுத்தச் சொல்லாதீர்கள். வீங்கிய மூட்டுக்கு அசைவு மட்டும், நாளுக்கு இரண்டு முறை, கூடவே மூட்டை அசைக்காமல் தசையை 5-6 விநாடி இறுக்கி விடுவது. வீங்காத மூட்டுகளுக்குப் பழைய எடையே தொடரலாம். வலது மணிக்கட்டு வீங்கியதற்காக இரண்டு காலும் மூன்று வாரம் ஓய்வெடுக்கத் தேவையில்லை. வீக்கம் இறங்கியதும் அந்த மூட்டுக்குப் பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

---

கோவை_இயன்முறை

நேரம் பற்றி ஒன்று. எழுந்தவுடன் பயிற்சி வேண்டாம். எழுந்து ஒன்று ஒன்றரை மணி நேரம் கழித்து, வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள். மறுநாள் பலருக்குக் குமட்டலும் அசதியும். ஞாயிறு மருந்து என்றால் எடை நாட்களைச் செவ்வாய், வியாழன், சனி என்று போடுங்கள். திங்கள்-புதன்-வெள்ளி என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்தால் வாராவாரம் திங்கள் விட்டுப்போகும். பயிற்சியில் ஈடுபாடு இல்லை என்று நாம் எழுதுவோம். அது அநியாயம்.

---

முதுகு_நிமிர்

ஸ்பாண்டிலைட்டிஸுக்கு இன்னும் மேலே போகலாம் என்பது என் கருத்து. ஸ்காண்டிநேவியாவில் 100 பேரிடம் மூன்று மாதம் நடந்த ஆய்வில் 4 நிமிட இடைவெளிப் பயிற்சி, அதிகபட்ச இதயத் துடிப்பில் 90-95 சதவீதம், அதோடு வலுப் பயிற்சி கொடுத்தார்கள். நோய்த் தீவிர மதிப்பெண் குறைந்தது. நாம் இங்கே இன்னும் பூனை-ஒட்டக நீட்டலோடு (கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைப்பது) நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

---

வாதநோய்_மருத்துவர்

ஆய்வு நல்லது. அங்கே வாரத்தில் இரண்டு அமர்வுகள் நேர்ப் பார்வையில் நடந்தன. வீட்டில் தனியாக ஒருவரை 90 சதவீதத்துக்குக் கொண்டுபோகும் முன் இசிஜி, ரத்த அழுத்தம், இரண்டு வாரம் மிதமான பயிற்சியில் எப்படி இருந்தார் என்பது வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்குத் துடிப்புக் கணக்கு உதவாது.

---

முதுகு_நிமிர்

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். படியாக ஏற்றலாம். முதல் நான்கு வாரம் வேக நடை: பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. ஐந்தாம் வாரத்திலிருந்து 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் நிதானம், ஆறு சுற்று. பிறகு வேகத்தை 2, 3, 4 நிமிடமாக நீட்டுவது. வேகத்தின் முடிவில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராமல் இருந்தால் தீவிரம் போதும். மொட்டை மாடி நடைக்கு வெயில் நேரம் கூடாது. அசையா சைக்கிள் இருந்தால் மேல், ஆனால் ஹேண்டிலை உயர்த்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். குனிந்து ஓட்டினால் எந்த வளைவைத் தடுக்க நினைக்கிறோமோ அதிலேயே அரை மணி நேரம் இருப்பார். கழுத்து ஒட்டியவருக்குச் சாலை சைக்கிள் ஆபத்து, திரும்பிப் பார்க்க முடியாது.

---

யாழ்_பிசியோ

எல்லாரும் நல்ல நெட் இருக்குது என்ற கணக்கிலே எழுதுறியள். வன்னிப் பக்கம், தீவுப் பக்கம் வீடியோ அடிக்கடி உறைஞ்சு நிக்கும். உறைஞ்ச படத்தைப் பார்த்துக்கொண்டு "சரி, நல்லாச் செய்யிறியள்" எண்டு சொல்லுறது ஆபத்து. அங்கே முறையை மாத்த வேணும்.

ஒரு பயிற்சிக்கு 40 விநாடிக்கு மேல் போகாத வீடியோ, சின்ன அளவிலே, வாட்ஸ்அப்பிலே முதலே அனுப்பிவிடுங்கோ. அவையள் பக்கவாட்டிலே நிண்டு 5 முறை செய்து திருப்பி அனுப்பட்டும். நீங்கள் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்க்கலாம்; நேரலையைவிட முழங்கால் சரிவு இதிலே துலக்கமாத் தெரியும். திருத்தம் ஒண்டே ஒண்டு மட்டும் குரல் பதிவாச் சொல்லுங்கோ. நாலு திருத்தம் சொன்னால் ஒண்டும் நிக்காது. கிழமையிலே ஒரு தரம் வெறும் தொலைபேசி அழைப்பு, எடை, எண்ணிக்கை, வலி, வீக்கம் நாலும் கேக்க. ஆனால் புதுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் பதிவு வழியாத் தொடங்க வேண்டாம், அதுக்கு நேரலை அல்லது நேரிலை. இஞ்சை அவசரத்துக்கு 1990 எண்டு தாளிலே எழுதி போனுக்குப் பின்னாலே ஒட்டச் சொல்லுங்கோ.

---

தாமரை_பி_டி

அருமையான குறிப்பு அண்ணா. இங்கேயும் மலைக்கிராமங்களில் அதே நிலைதான்.

லூபஸ் (எதிர்ப்புச் சக்தி பல உறுப்புகளைத் தாக்கும் நோய்), ஸ்கிளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்), மயோசைட்டிஸ் (தசை அழற்சி) பற்றி டாக்டர் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

வாதநோய்_மருத்துவர்

சுருக்கமாக. லூபஸில் முதல் தடை அசதி. 10 நிமிட நடை இரண்டு வேளை என்று தொடங்கி வாரத்துக்கு 2-3 நிமிடம் கூட்டுங்கள், வெயிலில் வேண்டாம். ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர் கவட்டியில் வலி என்று, காலை உள்பக்கம் திருப்பும்போது வலி என்று சொன்னால் இடுப்பு மூட்டின் பந்து ரத்தமின்றிச் சிதைகிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்க்கும் வரை நின்று செய்யும் எடைப் பயிற்சியை நிறுத்துங்கள். தசைப்பிடிப்பு என்று நீட்டல் கொடுத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

மயோசைட்டிஸில் பயிற்சியே கூடாது என்ற பழைய எண்ணம் போய்விட்டது. தொடக்கத்தில் மருத்துவருடன் பேசி, குறைந்த எடையில் ஆரம்பியுங்கள். விழுங்கச் சிரமம், படுத்தால் மூச்சு முட்டுவது என்றால் தொலைவுச் சிகிச்சைக்கு ஏற்றவர் இல்லை.

ஸ்கிளீரோடெர்மாவில் விரல் நீட்டலும் வாயை அகலத் திறக்கும் பயிற்சியும் தினமும் வேண்டும். நுரையீரல் பாதிப்பு இருந்தால் பயிற்சியின்போது ஆக்சிஜன் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி: ரேனாட் (குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் குறைவது) உள்ள குளிர்ந்த விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொய் சொல்லும். கையை வெந்நீரில் சூடாக்கி, அலை சீராக வரும்வரை காத்திருங்கள். அப்படியும் வராவிட்டால் காதுமடலுக்கோ நெற்றிக்கோ உரிய தனி சென்சார்தான். விரல் கருவியைக் காதில் மாட்டிப் படிக்கக் கூடாது.

---

செந்தில்_சேலம்

நன்றி டாக்டர், மேடம். ஒரு முறையாவது நேரில் காட்ட வேண்டுமா, முழுவதும் போனிலேயே போகலாமா?

---

பிசியோ_திருச்சி

செந்தில் சார், முதல் முறை நேரில் காட்டுவதுதான் என் உறுதியான கருத்து. மூட்டின் தளர்வும் கழுத்தும் தொடாமல் தெரியாது. தொலைவுப் பராமரிப்புக்கான யூலார் குறிப்புகள் 2022ல் வந்தன. அவையும் நேரிலா தொலைவிலா என்பதை நோயாளியோடு பேசி, அவருக்கு ஏற்ப முடிவு செய்யச் சொல்கின்றன. போக முடியாதவருக்குத் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து கேளுங்கள். அந்த ஒரு வருகையில் கழுத்து, விரல் மூட்டுத் தளர்வு, நாற்காலி, தரை நான்கையும் பார்த்து எழுதி வாங்கிவிட்டால் அடுத்த ஆறு வாரம் வீடியோவில் போகலாம்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நேரலை, அடுத்த நான்கு வாரம் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று. கைவிடுபவர்கள் பெரும்பாலும் நேரலை குறையும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள், எனவே மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை கூடுதலாகக் கூப்பிடுங்கள். சீட்டில் ஆறு பயிற்சிக்கு மேல் வேண்டாம். நாள்காட்டித் தாளிலேயே எடையும் எண்ணிக்கையும் எழுதி, ஞாயிறு மாலை போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

6வது, 12வது வாரத்தில் 30 விநாடிச் சோதனையைத் திரும்ப வையுங்கள்: அதே நாற்காலி, அதே நேரம், மாத்திரையிலிருந்து அதே இடைவெளி. இரண்டு முறைக்கு மேல் கூடியிருந்தால் முன்னேற்றம் என்று எழுதுங்கள். கூடவில்லை என்றால் எடைப் பத்தியைப் பாருங்கள். ஆறு வாரமும் ஒரே எண் இருந்தால் ஏற்ற வேண்டியது நாம். எடை ஏறியும் எண் கூடவில்லை என்றால் வீக்கம், ரத்தசோகை, தைராய்டு, ஸ்டீராய்டால் வந்த தசைத் தளர்ச்சி என்று மருத்துவரிடம் காரணம் தேட அனுப்புங்கள்.